சருகு இல்லாத உரத்தொட்டி ஏன் நாறுகிறது

வீட்டில் உரம் போடத் தொடங்கும் பலர் மூன்றாவது வாரத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். முதல் வாரம் காய்கறித் தோல் வாடிக் கிடக்கும், வாடை எதுவும் இருக்காது. இரண்டாவது வாரம் தொட்டியின் அடியில் கறுப்பாகத் தண்ணீர் இறங்கும். மூன்றாவது வாரம் மூடியைத் திறந்தால் குமட்டும், உள்ளே புழு நெளியும், பக்கத்து வீட்டிலிருந்து "என்ன வாடை இது?" என்று குரல் வரும். அதோடு தொட்டி மொட்டைமாடி மூலைக்குப் போய்விடும். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள், இந்தக் கதையைச் சொல்லாதவர்கள் குறைவு.

தொட்டியில் என்ன போட்டீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: சமையலறைக் கழிவு, அது மட்டும். சிலர் மேலே கொஞ்சம் மண் தூவியிருப்பார்கள். சிலர் புளித்த மோர் ஊற்றியிருப்பார்கள். சிலர் கடையில் விற்கும் நுண்ணுயிர்த் தூளை வாங்கிப் போட்டிருப்பார்கள். காய்ந்த இலை போட்டேன் என்பவர்கள் சொற்பம். அதே தெருவில், அதே காலையில், வேப்பஞ்சருகையும் புங்கஞ்சருகையும் கூட்டிக் குவித்து யாரோ தீ வைத்திருப்பார்கள். உரத்துக்கு வேண்டிய இரண்டு பாதிகளில் ஒன்று தொட்டிக்குள் அழுகுகிறது, மற்றது தெருமுனையில் புகைகிறது. வீட்டு உரம் பற்றி நம்மூரில் பேச வேண்டியவற்றில் பெரும்பகுதி இந்தப் பிரிவுக்குள் அடங்கிவிடும் என்பது என் எண்ணம்.

கிராமத்து எருக்குழியைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். அங்கே யார் சருகை அளந்து போட்டார்கள்? எல்லாவற்றையும் கொட்டினோம், தானாக மக்கியதே! உண்மை, மக்கியது. ஆனால் அந்தக் குழிக்குள் என்னென்ன போயின என்று பார்க்க வேண்டும். தொழுவத்தில் அள்ளிய சாணம், மாடு தின்று கழித்த வைக்கோல், மூத்திரத்தில் ஊறிய கூளம், அடுப்புச் சாம்பல், வாசலிலும் கொல்லையிலும் பெருக்கிய சருகு. சமையலறையிலிருந்து நேரே குழிக்குப் போனது மிகக் குறைவு. அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல், பழத்தோல், மிஞ்சிய சோறு எல்லாம் கழுநீர்ப் பானைக்குப் போய், அங்கிருந்து மாட்டுத் தொட்டிக்குப் போயின. ஈரக் கழிவை மாடு தின்று சாணமாக்கியது, சாணம் வைக்கோலோடு கலந்து குழிக்கு வந்தது.

அடுக்குமாடி வீட்டில் மாடும் இல்லை, வைக்கோலும் இல்லை. கழுநீர்ப் பானைக்குப் போக வேண்டிய பொருள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை ஒரு தொட்டியில் அடைத்துவிட்டு, எருக்குழியில் நடந்தது இங்கேயும் நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம். சமையலறைக் கழிவை மட்டும் தனியே மக்க வைக்கும் வேலை நம் பாட்டன் பாட்டிகளுக்குப் பெரும்பாலும் வாய்க்கவே இல்லை. ஆகவே ஊர்ப் பழக்கம் தானாகக் கைகொடுக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டு இறங்கினால் இது மிக எளிய வேலை.

மக்குவது என்றால் பாக்டீரியாவும் பூஞ்சையும் தின்பது. அவற்றுக்குச் சக்திக்கும் உடம்புக்கும் கார்பன் வேண்டும், புரதம் கட்ட நைட்ரஜன் வேண்டும். 1 பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் அவை வேகமாகப் பெருகும். காய்கறிக் கழிவில் இந்த விகிதம் ஏறக்குறைய 15 முதல் 20. சருகில், மரத்தைப் பொறுத்து, 40 முதல் 80. மரத்தூளில் 300ஐத் தாண்டும். காய்கறிக் கழிவு மட்டும் இருக்கும் தொட்டியில் நைட்ரஜன் மிஞ்சுகிறது, மிஞ்சியது அம்மோனியாவாகக் கிளம்புகிறது. மூக்கைக் குத்தும் அந்த நெடி, செடிக்குப் போயிருக்க வேண்டிய சத்து காற்றில் போவதன் அடையாளம்.

உரம் பற்றிய விளக்கங்கள் பல இந்த விகிதத்தோடு நின்றுவிடுகின்றன. நம் சமையலறையைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய சிக்கல் தண்ணீர். கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 1 கிலோ காய்கறி, பழக் கழிவில் 850 கிராமுக்குக் குறையாமல் தண்ணீர்தான் இருக்கிறது. சுரைக்காய், வெள்ளரி, தர்பூசணித் தோல் என்றால் இன்னும் கூடுதல். கார்பன், நைட்ரஜன் விகிதத்தை மட்டும் சரிசெய்ய வேண்டுமானால் அந்த 1 கிலோவுக்கு ஏறக்குறைய 200 கிராம் சருகு போதும். ஆனால் அப்படிக் கலந்த பிறகும் கலவையின் ஈரம் 70 விழுக்காட்டுக்கு மேலேயே நிற்கும். நுண்ணுயிர்களுக்கு வசதியானது 50 முதல் 60 விழுக்காடு. ஈரத்தையும் சருகை வைத்தே 60க்கு இறக்க வேண்டுமென்றால் 500 கிராம் சருகு தேவைப்படும். திறந்த வாயுள்ள மண்தொட்டியில் வெயில் காலத்தில் கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால் நடைமுறையில் 300 கிராம் அளவில் சமாளிக்கலாம். சருகு எடையற்றது, இடத்தை அடைப்பது. ஆகவே இந்த எடைக் கணக்கைப் பாத்திரக் கணக்காக மாற்றினால், ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு என்று வரும். மழைக்காலத்தில் மூன்று. சருகு போட்டும் சிலர் தோற்பதற்குக் காரணம், ஒரு கைப்பிடி தூவிவிட்டுப் போதும் என்று நினைப்பதுதான்.

தண்ணீர் ஏன் இவ்வளவு தொல்லை தருகிறது? ஆக்சிஜன் காற்றில் பரவுவதைப்போல 10,000இல் ஒரு பங்கு வேகத்தில்தான் தண்ணீருக்குள் பரவ முடியும். கழிவுத் துண்டுகளுக்கு இடையிலுள்ள சந்துகளைத் தண்ணீர் அடைத்துவிட்டால், உள்ளே இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடும், புதிதாக உள்ளே வர வழியில்லை. அதன் பிறகு ஆக்சிஜன் இல்லாமல் வாழும் இனங்கள் பெருகும். அவை மெதுவாகத் தின்னும். தின்று கழிப்பது புளித்த வாடை வீசும் அமிலங்கள், அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு, நாற்றமே இல்லாத மீத்தேன். சருகு இங்கே மூன்று வேலை செய்கிறது: நீரை உறிஞ்சுகிறது, கார்பன் தருகிறது, துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அமுங்காமல் காற்றுக்கு வழிவிடுகிறது. மோரோ கடைத் தூளோ இந்த மூன்றில் ஒன்றையும் செய்யாது. தேவையான நுண்ணுயிர்கள் காய்த்தோலிலும் சருகிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விரைவாகத் தொடங்க வேண்டுமானால் பழைய உரத்தில் ஒரு பிடியோ சாணக் கரைசலில் ஒரு குவளையோ போதும். ஈரம் மிஞ்சிய தொட்டியில் மோரை ஊற்றுவது இன்னும் ஈரத்தை ஊற்றுவதே.

ஈரத்தை அளக்கக் கருவி வேண்டாம். நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் சருகு போதவில்லை. கையைத் திறந்ததும் உதிர்ந்து போனால் தண்ணீர் தெளிக்க வேண்டும், சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் இதுவும் நடக்கும். கோளாறு எதுவாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது, எல்லாவற்றையும் ஒரு தார்ப்பாயில் கவிழ்த்து, சருகை அள்ளிப் போட்டுக் கிளறி, மீண்டும் நிரப்புவது. நாறிப்போன தொட்டி என்று எதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. காற்றும் சருகும் கிடைத்தால் இரண்டு மூன்று நாளில் நாற்றம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

காய்ந்த தாவரப் பொருளுக்கு உரிய இடத்தை முறைப்படி எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர். 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்த தாவரத் தொழில் ஆய்வு நிலையத்தில் அவர் வேலை பார்த்தார். அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் நம்முடையதற்கு நேர் எதிரானது. வயலில் காய்ந்த தாளும் தட்டையும் குவிந்து கிடந்தன, சாணமோ வறட்டியாக அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. கிடைக்கிற கொஞ்சம் சாணத்தை வைத்து நிறையத் தாவரக் கழிவை எப்படி உரமாக்குவது என்று அவர் யோசித்தார். எஸ்வந்த் வாட் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து 1931இல் அவர் வெளியிட்ட முறைக்கு இந்தூர் முறை என்றே பெயர் வந்துவிட்டது. பருத்தி மாரையும் துவரை மாரையும் பண்ணைச் சாலையில் பரப்பி, வண்டிச் சக்கரம் ஏறி நசுங்க விட்டு, அதோடு களை, சருகு, கரும்புச் சோகை எல்லாம் கலந்து, சாணமும் மூத்திரம் ஊறிய மண்ணும் சாம்பலும் சேர்த்துக் கிளறி வைத்தார். கொள்ளளவில் தாவரப் பொருள் மூன்று பங்கு, மாட்டுக் கழிவு ஒரு பங்கு. மூன்று மாதத்தில் உரம். இந்த அளவை அவர் ஆய்வுக்கூடத்துக்குள் மட்டும் உட்கார்ந்து கண்டுபிடிக்கவில்லை, இந்திய, சீன உழவர்களின் பழக்கங்களிலிருந்து கற்று ஒழுங்குபடுத்தினார். சாணம் இருந்த இடத்தில் சமையலறைக் கழிவை வைத்துப் பாருங்கள், நம் தொட்டிக்கான அளவு ஏறக்குறைய அங்கேயே கிடைத்துவிடுகிறது.

சரி, சருகுக்கு எங்கே போவது? காலம் தெரிந்து சேர்த்தால் பஞ்சமே வராது. மாசி, பங்குனியில் வேம்பு உதிர்க்கும், புங்கம் உதிர்க்கும், அரசு உதிர்க்கும், நாட்டுப் பாதாம் சிவந்து உதிர்க்கும். தெருவே சருகாகக் கிடக்கும் அந்த இரண்டு மாதத்தில் ஆண்டுக்கு வேண்டியதைக் கட்டி வைத்துக்கொள்ள வேண்டும். சருகு மிக அதிகமாகத் தேவைப்படுவது ஐப்பசி, கார்த்திகையில். அப்போது காற்றிலேயே ஈரம் இருக்கும், தொட்டியிலிருந்து எதுவும் ஆவியாகாது, தெருவில் கிடைக்கும் இலையும் நனைந்து சொதசொதவென்று இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் தொட்டிகள் கெட்டுப்போவதற்கு இந்த இடைவெளிதான் காரணம். நாளைக்கு அரை கிலோ கழிவு விழும் வீட்டுக்கு ஆண்டுக்கு 50 முதல் 60 கிலோ சருகு தேவை என்று வைத்துக்கொள்ளலாம். வெயிலேறிய மதியத்தில் சருகைச் சாக்கில் போட்டுக் கட்டி மேலே ஏறி மிதித்தால் மொறுமொறுவென்று நொறுங்கி மூன்றில் ஒரு பங்காகிவிடும். அப்படி மிதித்து அடைத்த ஆறேழு அரிசிச் சாக்குகள் ஓராண்டுக்குப் போதும்.

எல்லாச் சருகும் ஒன்றல்ல. தூங்குமூஞ்சி மரத்தின் சிறு இலைகளும் வேப்பிலையும் அருமையானவை, நொறுக்கவே வேண்டாம், இரண்டே மாதத்தில் அடையாளம் தெரியாமல் போய்விடும். புங்கஞ்சருகும் நல்லது. மாவிலை, பலா இலை, தேக்கு, பாதாம் இவற்றின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு, முழுதாகப் போட்டால் தட்டுப்போல ஒட்டிக்கொண்டு காற்றையும் நீரையும் தடுக்கும். அவற்றை நொறுக்கியே ஆக வேண்டும். சவுக்கு ஊசியும் மூங்கில் இலையும் மெதுவாகத்தான் மக்கும், ஆனால் காற்றுக்கு வழிவிடும் என்பதால் கொஞ்சம் கலக்கலாம். தென்னங்கீற்றை நறுக்க முடியாவிட்டால் தொட்டிப் பக்கம் கொண்டு வர வேண்டாம்.

மரமே இல்லாத தெருவில் இருப்பவர்கள் தேங்காய் நார்த்தூள் கட்டிகளை வாங்குகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் கயிற்று ஆலைகளில் மலையாகக் குவிந்த கழிவு இது. தண்ணீரை உறிஞ்சுவதில் இதற்கு இணை இல்லை. ஆனால் இதில் மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் அதிகம், கார்பன் விகிதம் 100க்கும் மேல், எளிதில் மக்காது. உரம் முடிந்த பிறகும் பெரும்பகுதி நார்த்தூளாகவே கிடக்கும். கழுவாத தூளில் உப்பும் இருக்கும். சருகு கிடைக்காத நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், முழுக்க அதையே நம்ப வேண்டாம். முட்டை அட்டை, மெழுகு பூசாத அட்டைப்பெட்டி, செய்தித்தாள் இவற்றைக் கிழித்துப் போடலாம். கரும்புச்சாறுக் கடைச் சக்கை கிடைத்தால் காயவைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் எறும்பு வந்து அடைந்துவிடும்.

இனி, நம் சமையலறையிலிருந்து எதைப் போடலாம்? காய்த்தோல், கீரைத் தண்டு, பழத்தோல், வடிகட்டிய தேயிலை, காப்பிச் சக்கை, பூசைப்பூ, வாழையிலை, குழம்பிலிருந்து ஒதுக்கிய கறிவேப்பிலை எல்லாம் போகலாம். வாழையிலையையும் வாழைத் தண்டின் நாரையும் நறுக்கிப் போட வேண்டும். பூமாலையில் நூலும் ஜிகினாவும் இருக்கும், அவற்றைப் பிரித்துவிடுங்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் சுண்ணாம்புச் சத்து. எலுமிச்சைத் தோலைப் போடக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு, வழக்கமான வீட்டு அளவுக்கு அது எந்தக் கெடுதலும் செய்யாது. தேங்காய்ச் சிரட்டை, மாங்கொட்டை, சோளக்கருது இவை ஆண்டுக்கணக்கில் கிடக்கும், வெளியே எடுத்துவிடுங்கள்.

சோறும் குழம்பும்தான் எல்லோரும் தடுமாறும் இடம். எண்ணெய் துண்டுகளின்மேல் படிந்து காற்றைத் தடுக்கிறது, உப்பு உரத்தில் சேர்ந்து தொட்டிச் செடிகளின் வேரைப் பாதிக்கிறது, மாவுப்பொருள் கட்டியாகிப் புளிக்கிறது. தட்டில் மிஞ்சிய ஒரு கவளத்தைச் சருகில் பிசைந்து நடுவில் புதைத்தால் ஒன்றும் ஆகாது. ஒரு பாத்திரம் சாம்பாரைக் கவிழ்த்தால் ஆகும். மீன் செதிலும் கோழிக் கழிவும் விதிப்படி மக்கக்கூடியவை, நகரத்துத் தொட்டியில் பெருச்சாளியையும் பூனையையும் அழைப்பவை. தோட்டம் உள்ளவர்கள் வாழைக்கோ தென்னைக்கோ பக்கத்தில் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துவிடலாம்.

தொட்டிக்கும் தோட்டத்துக் குவியலுக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு, அது சூடு. நுண்ணுயிர்கள் தின்னும்போது வெப்பம் வெளியாகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 3 அடிக்குக் குறையாத குவியலில் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கும். சில நாளில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும், கையை விட்டால் தாங்காது. 55 டிகிரிக்கு மேல் மூன்று நாள் நின்றாலே பெரும்பாலான நோய்க்கிருமிகள் அழிந்துவிடும், களை விதைகளும் ஏராளமாகச் சாகும். 70ஐத் தாண்டினால் வேலை செய்யும் நுண்ணுயிர்களே சாகத் தொடங்கும், அப்போது கிளறிச் சூட்டைத் தணிக்க வேண்டும். வாரம் ஒருமுறை கிளறினால் மூன்று மாதத்தில் முடியும்.

மாடியில் இருக்கும் 30 லிட்டர் தொட்டியில் இந்தச் சூடு பிடிக்காது. சற்றே வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். பயப்பட ஒன்றுமில்லை, மக்கும் வேலை மெதுவாக நடக்கும். ஆனால் விதை சாகாது. மாடித்தோட்டத்துத் தொட்டிகளில் யாரும் விதைக்காத தக்காளியும் மிளகாயும் பரங்கியும் முளைப்பது இதனால்தான். தக்காளி முளைத்தால் மகிழ்ச்சி. கோரைக் கிழங்கைத் தொட்டிக்குள் போட்டுவிட்டால் அதே உரம் தோட்டம் முழுக்கக் கோரையைப் பரப்பும். நோய் விழுந்த தக்காளிச் செடியும் அப்படியே. கோரைக் கிழங்கை வெயிலில் நன்றாகக் கருக்கிய பிறகு போடுங்கள், விதை பிடித்த களையைப் பெரிய குவியலுக்கு அனுப்புங்கள்.

புழுவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் பலர் விட்டுவிட்டு ஓடுவது அதைப் பார்த்துத்தான். தட்டையாக, பழுப்பாக, வரிவரியாக, அரை அங்குலத்துக்கு மேல் நீளமாக இருந்தால் அது கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. அந்த ஈ வளர்ந்த பிறகு வீட்டு ஈயைப்போல நம் சாப்பாட்டில் வந்து மொய்ப்பதில்லை, கடிப்பதும் இல்லை. அதன் புழு கழிவை அசுர வேகத்தில் தின்று தீர்க்கும், கோழிகளுக்கும் மீன்களுக்கும் தீவனமாக இதைப் பண்ணைகளில் வளர்க்கிறார்கள். அதைக் கொல்ல வேண்டாம். வெள்ளையாகச் சிறியதாக இருந்தால் வீட்டு ஈயின் புழுவாக இருக்கும், அது ஈரமும் திறந்து கிடக்கும் கழிவும் சேர்ந்த இடத்தில் வருவது. இரண்டுக்கும் வழி ஒன்றே: புதிதாகப் போட்ட கழிவு கண்ணுக்குத் தெரியாதபடி மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சருகு. பழ ஈத் தொல்லையும் இதில் அடங்கும்.

தென்னை வைத்திருப்பவர்கள் மட்டும் வேறொரு புழுவைத் தேட வேண்டும். தோட்டத்துக் குவியலிலோ சாணக் குழியிலோ கட்டைவிரல் கனத்தில், கொழுத்து, வெள்ளையாக, அரைவட்டமாக வளைந்து கிடந்தால் அது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கக்கூடும். அது வளர்ந்தால் தென்னையின் குருத்தைக் குடையும். எருக்குழிதான் அதன் பிறப்பிடம். கிளறும்போதெல்லாம் பொறுக்கிக் கோழிக்குப் போட்டுவிட வேண்டும். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையைக் குழியில் கலப்பதும் உண்டு, அது இந்தப் புழுவைத் தாக்கிக் கொல்லும். சருகைத் தரையில் குவித்து மாதக்கணக்கில் விட்டால் தேளும் பாம்பும் ஒண்டும் என்ற அச்சமும் நியாயமானதே. சாக்கில் கட்டிச் செங்கல்மேல் வையுங்கள், கைவிடுமுன் குச்சியால் தட்டுங்கள்.

மண்புழு உரத்தை நான் தொடக்கக்காரர்களுக்குச் சொல்வதில்லை. அதன் தரத்தில் குறை இல்லை. சென்னையைச் சேர்ந்த மண்ணியல் அறிஞர் சுல்தான் இஸ்மாயில் நம் மண்ணுக்குரிய புழுக்களை வைத்தே இதைச் செய்து காட்டிப் பலருக்குக் கற்றுத் தந்திருக்கிறார். ஆனால் மண்புழுவுக்கு 35 டிகிரிக்கு மேல் தாங்காது. வேலூரிலும் திருச்சியிலும் மே மாத மொட்டைமாடி அதற்குச் சாவு. நிழலான தரைத்தளமும், பாதி மக்கிய தீனியும் கொடுக்க முடிந்தவர்கள் செய்யலாம்.

தொட்டி நிறைந்ததும் புதிதாகப் போடுவதை நிறுத்தி, இரண்டாவது தொட்டிக்கு மாற வேண்டும். மண்தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை இதற்காகத்தான். 2006இல் பெங்களூரில் தொடங்கிய டெய்லி டம்ப் நிறுவனம் அதைத் தென்னிந்திய நகரங்களில் பரவலாகத் தெரியவைத்தது. விலை கட்டுப்படியாகாவிட்டால் அடியிலும் பக்கத்திலும் துளையிட்ட இரண்டு பெயின்ட் வாளிகளும் அதே வேலையைச் செய்யும். நிறைந்த தொட்டியை இரண்டு மூன்று மாதம் ஈரம் காயாமல் விட்டுவைத்தால், அளவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, கறுத்து, மழை பெய்த மண்வாசம் வீசும். ஆக்டினோமைசீட் வகைப் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசம் அது. பொறுமையில்லாமல் பாதி மக்கியதைச் செடிக்குப் போட்டால், மீதியை மக்க வைக்க நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். சந்தேகம் இருந்தால் ஒரு கிண்ணத்தில் உரத்தையும் மண்ணையும் கலந்து வெந்தயம் தூவிப் பாருங்கள். மூன்று நான்கு நாளில் ஒழுங்காக முளைத்து வந்தால் உரம் தயார். அப்போதும் தனி உரத்தில் செடி வைக்க வேண்டாம், இரண்டு மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு போதும். இந்த உரத்தில் நைட்ரஜன் ஒன்றிரண்டு விழுக்காடுதான் இருக்கும். மண்ணை உயிரோடும் ஈரத்தோடும் வைத்திருப்பதே இதன் முதல் பயன்.

வீட்டு அளவில் இவ்வளவுதான். தெரு அளவில் இதே செய்தி வேறு முகம் காட்டுகிறது. ஈரக் கழிவு குப்பை வண்டி ஏறிக் கிடங்குக்குப் போனால், பிளாஸ்டிக்கோடு கலந்து அடுக்கடுக்காக அமுங்கிக் காற்றில்லாமல் அழுகுகிறது. வீட்டுத் தொட்டியில் சில கிராம் அளவில் நடந்த கெடுதல் அங்கே மலை அளவில் நடக்கிறது. வெளியாகும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கார்பன் டை ஆக்சைடைவிட 27 மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்குவது, எளிதில் தீப்பிடிப்பதும்கூட. 2022 ஏப்ரல் இறுதியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கு பற்றி நாள்கணக்கில் எரிந்தது. 2024 ஏப்ரலில் கோவையின் வெள்ளலூர்க் கிடங்கு எரிந்தது. அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் அங்கே குடியிருப்பவர்களும் தூய்மைப் பணியாளர்களும். அழுகல் கலந்த குப்பையை வெறுங்கையால் பிரிப்பவர்களும் அவர்களே. ஒரு வீடு ஈரக் கழிவைத் தன்னிடமே வைத்துக்கொண்டால் முதல் நன்மை அந்தக் கைகளுக்குப் போகிறது, உரம் இரண்டாவது.

சருகு விஷயத்தில் சட்டம் தெளிவாகவே இருந்தது. 2016இல் மத்திய அரசு அறிவித்த திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே, தெருவில் குப்பையை எரிக்கக் கூடாது என்றும், தோட்டக் கழிவை அவரவர் வளாகத்துக்குள்ளேயே தனியாக வைக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. டெல்லியில் இலை எரிப்பதைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இலேயே தடை செய்தது. ஆனாலும் எரிகிறது, ஏனென்றால் சருகு வண்டியை நிரப்பிவிடும், எடையோ இருக்காது. அள்ளிக்கொண்டு போக வழி செய்து தராமல், பெருக்குகிறவரிடம் தெரு சுத்தமாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால் அவர் கையில் இருக்கும் வழி தீப்பெட்டிதான். எரிந்த இடத்தில் சாம்பலாக மிஞ்சுவது கொஞ்சம் பொட்டாஷும் சுண்ணாம்பும். கார்பனும் நைட்ரஜனும் புகையாகப் போய் நம் மூச்சுக்குள் இறங்கிவிடுகின்றன.

உரத்தொட்டி கொடுப்பதோடு உள்ளாட்சிகளின் பிரசாரம் நின்றுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. தொட்டியை வாங்கிய வீட்டுக்குச் சருகு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை. புனேயில் பிரவுன் லீஃப் என்ற குடிமக்கள் முயற்சி இந்தக் கேள்வியை நேராக எடுத்துக்கொண்டது. மரம் இருப்பவர்கள் சருகை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டுத் தகவல் சொல்வார்கள், தொட்டி இருப்பவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். பணச் செலவு ஏறக்குறைய இல்லை. நம் ஊர்களில் பூங்கா உண்டு, பள்ளி மைதானம் உண்டு, கோயில் நந்தவனம் உண்டு, குடியிருப்போர் சங்கத்துக்கு வாட்ஸ்அப் குழுவும் உண்டு.

அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று இதை வரும் மாசியிலேயே தொடங்கலாம். கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பி வலையை 4 அடி விட்டத்தில் வளைத்து, 4 அடி உயரத்துக்கு நிறுத்தி, சுற்றுச்சுவர் ஓரமாக வைத்தால் அது சருகுக் கூண்டு. நொறுக்கி நிரப்பினால் ஒரு கூண்டு இரண்டு வீட்டுக்கு ஓராண்டு வரும். வளாகத்தைப் பெருக்குகிறவரிடம், கூட்டிய சருகை இதில் கொட்டினால் போதும், எரிக்கவோ வாசலுக்கு இழுக்கவோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அவருக்கும் வேலை குறையும். தரையிலிருந்து ஈரம் ஏறாமல் அடியில் செங்கல் பரப்ப வேண்டும். புரட்டாசி முடிவதற்குள் மேலே ஒரு தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிட வேண்டும், பக்கவாட்டில் காற்று போக இடம்விட்டு.